கத்திரி வெயில்ல ஆரம்பிச்சு ஜனவரில 10 கிலோமீட்டர்: சென்னைல புதுசா ஓட வர்றவங்களுக்கு

நெட்ல கிடைக்குற ட்ரெயினிங் பிளான் பாதிக்கு மேல குளிர் ஊர்ல இருக்குறவங்க எழுதினது. அவங்களுக்கு பனி பெய்யுற மாசம் கஷ்டம், வெயில் வந்தா கொண்டாட்டம். நமக்கு அப்படியே தலைகீழ். சென்னை மாரத்தான் ஜனவரில வருது, அதுக்கு தயாராகணும்னா கத்திரி, ஆடிக் காத்து, ஐப்பசி கார்த்திகை அடைமழை எல்லாத்தையும் தாண்டித்தான் போகணும். அதனால மே மாசத்துல ஆரம்பிச்சு ஜனவரில முதல் 10 கிலோமீட்டர் முடிக்குற மாதிரி, நம்ம ஊர் சீசனுக்கு ஏத்தபடி இத எழுதுறேன். ஹாஃப் மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர், முதல் வருஷமே வேணாம்ங்கறது என் உறுதியான கருத்து. மூச்சு சீக்கிரம் பழகிடும், எலும்பும் தசைநாரும் பழக மாசக்கணக்காகும், அந்த இடைவெளில தான் புதுசா வர்றவங்க அடிபட்டு ஓட்டத்தையே விட்டுடுறாங்க.

ஸ்டெப் 1: உடம்ப பாருங்க, தேதிய குறிங்க

40 வயசு தாண்டினவங்க, சுகர், பிபி, இதய நோய் இருக்குறவங்க, வீட்டுல யாருக்காவது சின்ன வயசுல ஹார்ட் அட்டாக் வந்திருந்தா அவங்களும், முதல்ல டாக்டர்கிட்ட போய் ஓடப்போறேன்னு சொல்லிட்டு வாங்க. "ஓடினா முட்டி தேஞ்சுடும்"னு வீட்டுல சொல்லுவாங்க. மெதுவா ஏத்திக்கிட்டே போனா முட்டிய சுத்தி இருக்குற தசைகள் பலமாகத்தான் செய்யும். அரசியல்வாதி மா. சுப்பிரமணியன் விபத்துல முட்டில அடிபட்டவர், அதுக்கப்புறம் 100க்கு மேல ஹாஃப் மாரத்தான் ஓடியிருக்கார், இது ஊருக்கே தெரிஞ்ச விஷயம்.

ரேஸ் தேதி வந்ததும் காலண்டர்ல வட்டம் போட்டுட்டு அங்கேர்ந்து பின்னாடி எண்ணிட்டு வாங்க. ரெஜிஸ்ட்ரேஷன் பல மாசம் முன்னாடியே திறந்துடும், பணம் கட்டிட்டா மனசும் உறுதியாயிடும்.

ஸ்டெப் 2: ஷூ

செலவு பண்ண வேண்டிய ஒரே இடம் இது தான். ஜிம் ஷூ, கேன்வாஸ் ஷூ வேணாம், ரன்னிங் ஷூனு கேட்டு வாங்குங்க. சாயங்காலம் போய் போட்டுப் பாருங்க, அப்போ தான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கணும். ஒரு ஜோடி 500லேர்ந்து 800 கிலோமீட்டர் வரைக்கும் வரும்.

காட்டன் டிஷர்ட் வேர்வைய உறிஞ்சி கனமாகி தோல உரசிடும், அதனால பாலியஸ்டர் தான் நல்லது. தொடை இடுக்கு, அக்குள்ள வாசலின். அவ்வளவு தான், வாட்ச் எல்லாம் இப்போ வேணாம்.

ஸ்டெப் 3: மே மாசம், நடை மட்டும்

அக்னி நட்சத்திரம் மே 4 பக்கம் ஆரம்பிச்சு மே 28 பக்கம் முடியும். இந்த மாசம் ஓட வேணாம், வாரத்துக்கு 4 நாள் 30 நிமிஷம் வேகமா நடங்க. மே கடைசில சூரியன் 5.40க்கெல்லாம் வந்துடும், அதனால 5 மணிக்கு கிளம்பி 6 மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும். இந்த மாசம் நீங்க பழக்கப்படுத்துறது கால விட உங்க தூக்கத்த தான். ராத்திரி 10 மணிக்குள்ள படுக்கலன்னா காலைல எந்த பிளானும் நடக்காது.

எங்க நடக்கணும்னா, மெரினால கலங்கரை விளக்கத்துலேர்ந்து உழைப்பாளர் சிலை வரைக்கும் போயிட்டு வந்தா 5 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல வரும், இந்த மாசம் 15 நிமிஷம் நடந்துட்டு பாதிலயே திரும்பிடுங்க. தெற்கு பக்கம் இருக்குறவங்களுக்கு பெசன்ட் நகர்ல 2023ல அரசாங்கம் திறந்த 8 கிலோமீட்டர் நடைபாதை இருக்கு. இல்லன்னா உங்க ஏரியா பார்க் போதும். ஆனா கடற்கரை மணல்ல ஓடாதீங்க, மணல்ல குதிகால் புதைஞ்சு கெண்டைக்கால் இழுக்கும், குதிகால் தசைநார் புண்ணாயிடும். கெட்டியான தரை தான் ஆரம்பத்துக்கு சரி.

ஸ்டெப் 4: ஜூன்லேர்ந்து செப்டம்பர், ஓட்டமும் நடையும்

இது தான் முக்கியமான காலம். ஓடு, நடனு மாத்தி மாத்தி போறது தான் முறை. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல 10,000 மீட்டர் ஓடின ஜெஃப் காலவே இத உலகம் முழுக்க பரப்பினவர். அதனால நடுவுல நடக்குறதுக்கு யாரும் வெட்கப்பட வேண்டியதே இல்ல.

வாரத்துக்கு 3 நாள், நடுவுல ஒரு நாள் கேப் விட்டு. ஜூன்ல 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, இப்படி 8 தடவ. ஜூலைல 2 நிமிஷம் ஓடி 1 நிமிஷம் நடங்க, ஆகஸ்ட்ல 5 ஓட்டம் 1 நடை, செப்டம்பர் கடைசில நிக்காம 25 நிமிஷம். ஒரு வாரம் கஷ்டமா இருந்தா அதே வாரத்த திரும்ப பண்ணுங்க, அடுத்ததுக்கு தாவாதீங்க.

எவ்வளவு வேகம்? பக்கத்துல ஓடுறவர்கிட்ட நேத்து வீட்டுல நடந்த கதைய முழு வாக்கியமா சொல்ல முடியணும். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ மூச்சு வாங்கினா வேகம் ஜாஸ்தி, குறைங்க. போன்ல ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம்னு காட்டுறத பாக்காதீங்க, இந்த நாலு மாசம் அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. ஏன்னு சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா தான் நீங்க மனசு விடாம இருப்பீங்க.

ஓடும்போது உடம்புல உண்டாகுற சூட்ட வெளிய தள்ள ரத்தம் தோலுக்கும் போகணும், காலுக்கும் போகணும், இருக்குறது ஒரே இதயம் அதனால அதே வேகத்துக்கு அது ஜாஸ்தி அடிக்குது. வேர்வை வழிஞ்சு தரைல சொட்டினா உடம்பு குளிராது, ஆவியானா தான் குளிரும், நம்ம கடலோர காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருக்கு, அப்புறம் எங்க ஆவியாகும். பெங்களூர்ல ஓடுற ஃப்ரெண்டோட உங்க டைம ஒப்பிட்டுப் பாத்து வருத்தப்படவே கூடாது. இன்னொரு பக்கம் நல்லதும் நடக்குது. வெயில்ல தொடர்ந்து 10, 14 நாள் உழைச்சா ரத்தத்துல திரவம் கூடும், வேர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அதுல உப்பு குறையும். உடம்பு தானா தன்ன மாத்திக்குது, நீங்க வேகத்த குறைச்சு அதுக்கு நேரம் கொடுத்தா போதும்.

தண்ணி விஷயம். 1 மணி நேரத்துக்கு கம்மியான ஓட்டத்துக்கு முன்னாடி ஒரு டம்ளர், முடிச்சதும் தாகத்துக்கு ஏத்த மாதிரி குடிங்க. ஓடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க, 1 கிலோ குறைஞ்சா கிட்டத்தட்ட 1 லிட்டர் வேர்வை போயிருக்கு. இளநீர் நல்லது தான், ஆனா அதுல பொட்டாசியம் தான் ஜாஸ்தி, வேர்வைல போறது சோடியம், அதனால உப்பு போட்ட மோர் அத விட மேல். நீண்ட ஓட்டத்துக்கு ஓஆர்எஸ், பாக்கெட்ல போட்டிருக்குற அளவு தண்ணிலயே கலக்குங்க. அதுக்காக லிட்டர் லிட்டரா வெறும் தண்ணிய உள்ள தள்ளாதீங்க, ரத்தத்துல உப்பு நீர்த்துப்போனா அதுவும் உயிருக்கு ஆபத்து.

வெயில்ல ஓடும்போது திடீர்னு புல்லரிச்சு குளிர்ற மாதிரி இருந்தா, தலை சுத்தினா, குமட்டினா அங்கேயே நிறுத்திட்டு நிழலுக்கு போங்க, தலை கழுத்துல தண்ணி ஊத்துங்க. கூட ஓடுறவர் குழறிப் பேசினாலோ சம்பந்தமில்லாம பதில் சொன்னாலோ உடனே 108, வண்டி வர்ற வரைக்கும் உடம்பு முழுக்க தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க.

தெரு நாய் துரத்தினா ஓடாதீங்க, நின்னு மெதுவா நடங்க. கடிச்சா, சின்ன கீறலா இருந்தாலும் சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசி போட்டுடணும்.

ஸ்டெப் 5: காலுக்கு பலம்

ஓடாத நாள்ல ரெண்டு நாள், 15 நிமிஷம். மாடிப்படி விளிம்புல நின்னு குதிகால ஏத்தி இறக்குறது 15 தடவ மூணு செட், ஸ்குவாட் (நாற்காலில உக்கார்ற மாதிரி இறங்கி எழுந்திரிக்குறது), பிளாங்க் (முழங்கையையும் கால் விரலையும் ஊன்றி உடம்ப நேரா வெச்சிருக்குறது). முன்னங்கால் எலும்பு ஓரமா நீளமா வலிச்சா ரெண்டு மூணு நாள் ரெஸ்ட் எடுத்து குறைச்சு ஓடுங்க. ஆனா விரல் வெச்சு அழுத்தும்போது எலும்புல ஒரே புள்ளில சுருக்குனு வலிச்சா அது எலும்பு விரிசலா இருக்கலாம், டாக்டர் பாக்குற வரைக்கும் ஓட்டமே கூடாது.

ஸ்டெப் 6: அக்டோபர், நவம்பர், மழைக்கு நடுவுல

இப்போ வாரத்துல ஒரு நாள், ஞாயிறு, நீள ஓட்டம். அக்டோபர்ல 5லேர்ந்து 6 கிலோமீட்டர், நவம்பர்ல 7லேர்ந்து 8. மத்த ரெண்டு நாள் 30, 35 நிமிஷம் நிதானமா.

வடகிழக்கு பருவமழை நம்ம பிளான கேட்டுட்டு வர்றதில்ல. தூறல்ல ஓடலாம், நல்லாவே இருக்கும். தண்ணி தேங்கின ரோட்டுல மட்டும் கால் வெக்காதீங்க, கீழ திறந்த மேன்ஹோல் இருக்கலாம், மின்கம்பி அறுந்து கிடக்கலாம், அந்த தண்ணில எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும். இடி இடிச்சா, புயல் எச்சரிக்கை வந்தா வீட்டுலயே இருங்க. அப்பார்ட்மென்ட் படிக்கட்டு 20 நிமிஷம் ஏறி இறங்கினாலே நல்ல உழைப்பு, ட்ரெட்மில் இருந்தா 1 சதவீதம் ஏத்தம் வெச்சு ஓடுங்க. ஒரு வாரமே போயிட்டா கவலப்படாதீங்க, ஒரு வாரத்துல உடம்பு எதையும் மறக்காது, ஆனா விட்டத பிடிக்குறேன்னு அடுத்த வாரம் ரெட்டிப்பா ஓடாதீங்க. நனைஞ்ச ஷூக்குள்ள பழைய பேப்பர திணிச்சு ஃபேனுக்கு அடில வெச்சா மறுநாள் காஞ்சுடும்.

தீபாவளி ராத்திரி புகை காலைல கூட அப்படியே நிக்கும், அன்னைக்கு லீவு. போகி காலைலயும் அதே தான்.

ஸ்டெப் 7: மார்கழி

காலைல 20, 21 டிகிரி, கோலம் போட்ட தெருவுல ஓடுறதுக்கு வருஷத்துலயே அருமையான மாசம். அதே மூச்சுல வேகம் தானா கூடியிருக்கும், இப்போ வேணா போன்ல அந்த நம்பர பாருங்க. நீள ஓட்டம் 9 கிலோமீட்டர் வரைக்கும் ஒரு தடவ போங்க. வாரத்துல ஒரு நாள் ஓட்டத்தோட கடைசில 20 நொடி வேகமா, 1 நிமிஷம் நடை, 5 தடவ. ரேஸுக்கு 10 நாள் முன்னாடி ஓட்டத்த பாதியா குறைச்சுடுங்க. அந்த நேரம் கால் துறுதுறுங்கும், அடக்கிக்கோங்க.

ஸ்டெப் 8: ரேஸ் அன்னைக்கு

புது ஷூ, புது சாப்பாடு எதுவும் வேணாம். முந்தின ராத்திரி இட்லியோ தயிர் சாதமோ வழக்கமா சாப்பிடுறது. காலைல ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஒரு வாழைப்பழம், ரெண்டு பிரெட். ஸ்டார்ட்ல எல்லாரும் பறப்பாங்க, நீங்க முதல் 3 கிலோமீட்டர் பேசுற வேகத்துலயே போங்க, நடுவுல 4 சும்மா நிதானமா, கடைசி 3ல இருக்குறத எல்லாம் கொடுங்க. தண்ணி ஸ்டேஷன்ல நடந்துக்கிட்டே குடிங்க. முடிச்ச உடனே உக்காராம 10 நிமிஷம் நடங்க.

அதுக்கப்புறம் ஒரு வாரம் நடை மட்டும். பிப்ரவரி, மார்ச்ல காலை நேரம் இன்னும் இதமாத்தான் இருக்கும், ஞாயிறு ஓட்டத்த 12 கிலோமீட்டர் வரைக்கும் கொண்டு போயிடுங்க. ஏப்ரல்ல குறைச்சு, மே வந்ததும் வாரத்துக்கு 3 நாள் சின்ன ஓட்டத்த மட்டும் விடாம வெச்சிருந்தா, ஜூன்லேர்ந்து ஹாஃப் மாரத்தானுக்கு தூரத்த ஏத்த ஆரம்பிக்கலாம்.