சாய்வைக் கண் எப்படிக் கணிக்கிறது? நீங்களே செய்து பாருங்கள்

மேட்டுச் சாலையைப் பார்த்ததும் "ரொம்பச் செங்குத்து" என்று தோன்றிவிடும். கண் எதை வைத்து அப்படிச் சொல்கிறது, எவ்வளவு தப்புகிறது என்று பார்க்க ஒரு தாள், நாணயம், மொபைலில் சாய்வை டிகிரியில் காட்டும் ரசமட்ட ஆப், ஓர் அட்டை, காகிதக் குழல், நேரான பலகை போதும்.

படி 1: தாள் முழுக்க நாணயத்தை வைத்து நெருக்கமாக வட்டங்கள் வரைந்து, அட்டையில் ஒட்டுங்கள். அதை முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, காகிதக் குழல் வழியாகப் பாருங்கள். தாளின் ஓரம் தெரியக் கூடாது. தெரிந்தால் அதுவே சாய்வைக் காட்டிக் கொடுத்துவிடும்.

படி 2: அட்டையின் மேல்பக்கத்தை மெல்லப் பின்னால் சாயுங்கள். 30 டிகிரி சாய்ந்த பிறகும் வட்டத்தின் உயரம் சுமார் 13 சதவீதம்தான் குறைந்திருக்கும். மாற்றம் எளிதில் பிடிபடாது. 60 டிகிரியில் உயரம் அகலத்தில் பாதியாகிவிடும், அப்போது சந்தேகமே வராது. தள்ளியிருக்கும் வட்டங்கள் சிறுத்து நெருங்குவதையும் கவனியுங்கள். பரப்பில் உள்ள வடிவங்கள் இப்படிப் படிப்படியாக மாறுவதுதான் சாய்வுக்கான முக்கியத் தடயம் என்று 1950-இல் உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் எழுதினார்.

படி 3: குழலை எடுத்துவிட்டு இரு கண்ணாலும் பாருங்கள். சாய்வு சட்டெனத் தெளிவாகும். இரு கண்களுக்கும் கிடைக்கும் காட்சியில் உள்ள வித்தியாசமும் இப்போது சேர்ந்துகொள்கிறது. தூரம் கூடக் கூட இந்த உதவி வேகமாகக் குறையும்.

படி 4: இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வாகனம் வராத ஒரு சரிவின் அடியில் நின்று, கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி என்று ஊகித்து எழுதுங்கள். அப்புறம் நேரான பலகையைச் சரிவில் கிடத்தி, மேலே மொபைலை வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் உங்கள் ஊகம் கூடுதலாகவே இருக்கும். உளவியலாளர் டெனிஸ் ப்ராஃபிட்டின் குழு 1995-இல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரி சரிவை மக்கள் சராசரியாக 20 டிகிரி என்றே சொன்னார்கள்! உள்ளங்கையால் ஒரு பலகையைச் சாய்த்துக் காட்டச் சொன்னபோதோ உண்மைக்கு மிக நெருங்கி வந்தார்கள். கைக்குத் தனியாகச் சரியான கணிப்பு இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லலாமா என்பதில் இன்னும் விவாதம் உண்டு.

நண்பரை வைத்துச் செய்தால் நோக்கத்தைச் சொல்லாதீர்கள். முதுகில் கனமான பை இருந்தால் மேடு இன்னும் செங்குத்தாகத் தெரியும் என்று ஓர் ஆய்வு சொன்னது. உளவியலாளர் ஃப்ராங்க் டர்கினின் குழு 2009-இல், பையை ஏன் மாட்ட வேண்டும் என்பதற்கு வேறொரு காரணம் சொல்லிப் பார்த்தது. அந்த விளைவு காணாமல் போனது. அதாவது, நோக்கத்தை ஊகித்தவர்கள் அதற்கேற்பப் பதில் சொல்லியிருக்கலாம்.