கொலைகாரன் வாயைத் திறந்துவிட்டால் கேஸ் முடிந்துவிடுமா?

போன மாதம் ஒரு தம்பி சத்துவாச்சாரி கோர்ட்டு வாசலில் என்னைப் பிடித்து, தான் எழுதிய கிரைம் நாவலைக் கையில் திணித்தார். அதற்கு முன்னால் வந்த இரண்டு பேருடைய கதைகளும் வீட்டில் இருந்தன. மூன்றிலும் கடைசி அத்தியாயம் ஒன்றுதான்: கொலைகாரன் இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், கேஸ் முடிந்துவிடுகிறது. முப்பது வருஷம் முன்னால் நான் எழுதியதும் அதேதான். அந்த எரிச்சலில்தான், புதிதாகக் கிரைம் நாவல் எழுதுகிறவர்கள் செய்யும் தப்புகளைப் பற்றி இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் வைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் புரூப் பார்க்கிறவர் பார்த்துக்கொள்வார்.

கிரைம் நாவல் ஏன் விற்கிறது என்று எனக்குத் தெரிந்தது ரயிலில்தான். காட்பாடியில் ஏறிப் பிரித்தால் அரக்கோணம் தாண்டும்போது சந்தேகம் மூன்று பேர் மேல் இருக்கணும், பெரம்பூருக்குள் ஒருவன் மாட்டணும். சென்ட்ரலில் இறங்குகிறவர் புத்தகத்தைச் சீட்டில் விட்டுவிட்டுப் போவார், அதில் எனக்கு வருத்தம் கிடையாது. கோர்ட்டு சேர்ந்தால் ருசி கூடும். எதிரெதிராக இரண்டு பேர், நடுவில் ஒருவர், முடிவு தெரிந்தே ஆக வேண்டும். கோழிச் சண்டை பார்க்கிற சுகம். ஆனால் அந்தக் கோர்ட்டு நம் ஊர்க் கோர்ட்டாக இருக்க வேண்டாமா?

ஜூரி

பொதுமக்களில் சிலரை உட்காரவைத்து, குற்றவாளியா இல்லையா என்று சொல்லச் சொல்வதுதான் ஜூரி. 1973ஆம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அதற்கு இடமில்லை. எடுத்துவிடுங்கள்.

சுத்தியல், கீதை

நீதிபதி மேஜையில் சுத்தியல் கிடையாது. கூண்டில் கீதை மேல் கை வைக்கச் சொல்வதும் கிடையாது. இரண்டுமே சினிமா.

இன்ஸ்பெக்டரிடம் ஒப்புக்கொள்வது

இதில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வக்கீல் குமாஸ்தா. சீனியர் முழுக்க சிவில் பக்கம். பாகப்பிரிவினை, பாதைத் தகராறு, கிணற்றுப் பங்கு. கிரிமினல் கட்டை நான் தொட்டதே இல்லை. ஆனால் கோர்ட்டிலேயே கிடக்கிறேன் என்கிற தைரியத்தில் 1996இல் ஒரு பாக்கெட் நாவல் எழுதினேன். இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டுகிறார், கொலைகாரன் உடைந்து அழுது நாலு பக்கத்துக்கு எல்லாவற்றையும் சொல்கிறான், ஜீப் தொரப்பாடி ஜெயிலை நோக்கிப் போகிறது, முற்றும்.

கோர்ட்டு வாசல் டீக்கடையில் கிரிமினல் பக்கத்துப் பெரிய குமாஸ்தா ஒருவர் அதைப் படித்துவிட்டு, “ஏம்பா, இவன் விடுதலை ஆயிடுவானே, தெரியுமா?” என்றார். எனக்குப் புரியவில்லை. “போலீஸ்கிட்ட சொன்ன வாக்குமூலத்தை எந்தக் கோர்ட்டுப்பா ஏத்துக்கும்? வேற சாட்சி என்ன வச்சிருக்கே?” ஒன்றும் வைத்திருக்கவில்லை. அந்த நாலு பக்கம் மட்டும்தான். வாசகர்களில் வக்கீல்கள் நிறையப் பேர் போலிருக்கிறது, பதிப்பகத்துக்குக் கடிதங்கள் போயின. அடுத்த மாதம் எனக்கென்று சொல்லியிருந்த இடம் வேறொருவருக்குப் போனது. திரும்பக் கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சட்டம் இதுதான். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டத்தில் இது 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவு. அடித்து வாங்கினார்களா, அன்பாகக் கேட்டார்களா என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை.

ஒரே ஒரு வாசல் உண்டு. ‘கத்தியைப் பாலாற்று மணலில் புதைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்’ என்று சொல்லி, அதன்படி கத்தி கிடைத்தால், கண்டுபிடிப்புக்குக் காரணமான அந்தத் துண்டு மட்டும் கோர்ட்டுக்குள் வரும். ‘இதால்தான் குத்தினேன்’ என்பது வராது. ஒரே வாக்கியத்தைக் கத்தரித்துப் பாதியை உள்ளே விடுகிறார்கள், மீதி வெளியே நிற்கிறது. இதைவிட நல்ல நாடகம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்? கத்தியைக் கைப்பற்றியதாக அங்கேயே எழுதும் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட வி.ஏ.ஓ.வும் தலையாரியும் கூண்டில் ஏறியதும், “கத்தியை எடுக்கும்போது நீங்க ஆத்துல இருந்தீங்களா, ஸ்டேஷன்ல இருந்தீங்களா?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பாரே, அந்த ஒரு கேள்வி பத்து பக்கம் தாங்கும்.

கொலைகாரன் பேசியே ஆகணும் என்றால் மாஜிஸ்திரேட் முன்னால் பேசட்டும். ‘நீ வாக்குமூலம் கொடுக்கக் கட்டாயம் இல்லை, கொடுத்தால் உனக்கு எதிராகவே அதைப் பயன்படுத்தலாம்’ என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும். யோசிக்க அவகாசமும் கொடுப்பார். அந்த ஒரு ராத்திரி அவன் ஜெயிலில் படுத்துக்கொண்டு என்ன நினைக்கிறான்? என் இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டிய சத்தத்தில் இதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை.

மூன்றே நாளில் தீர்ப்பு

வாய்தா இல்லாத கோர்ட்டு எந்த ஊரில் இருக்கிறது? ‘ஒரு வருஷத்துக்குப் பிறகு’ என்று ஒரு வரி போட்டால் போதும். அவசரம் வேண்டுமென்றால் சட்டத்திலேயே இருக்கிறது. கொலை வழக்கில் ரிமாண்ட் ஆன 90 நாளுக்குள் சார்ஜ் ஷீட் போகாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். 89ஆம் நாள் காலையில் கதையைத் தொடங்குங்களேன், வெடிகுண்டே வேண்டாம்.

செத்த நேரம்

‘இரவு 11.10க்கு உயிர் பிரிந்தது’ என்று எந்த போஸ்ட்மார்ட்டம் டாக்டரும் எழுத மாட்டார். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்றுதான் சொல்வார். வெயில் காலத்து வேலூரில் உடல் குளிர்வதை வைத்துக் கணக்குப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இடைவெளிக்குள்தான் ஒருவனுடைய ‘நான் அங்கே இல்லை’ நிற்கும், இல்லை விழும்.

302ஆ, 103ஆ

கொலை நடந்த தேதியைப் பாருங்கள். 2024 ஜூலை 1க்கு முன்னால் என்றால் கொலைக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு, அப்புறம் என்றால் புதிய சட்டத்தின் 103ஆம் பிரிவு.

வெளிநாட்டுக் கதையைத் தமிழ்ப் பெயரோடு எழுதுவது

நம் ஆரணிக்காரர் குப்புசாமி முதலியார் நூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். அவர் தெரிந்தே தழுவினார். இன்றைக்கு வருகிறவர்கள் வெப் சீரிஸ் பார்த்துவிட்டுத் தெரியாமலே தழுவுகிறார்கள். ஜூரி வருவது அப்படித்தான்.

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு போய், பத்தே நாளில் திருத்திக் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் இல்லை. கொலைகாரன் நேராக வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய் அழுகிறான், அவர் எழுதி வாங்குகிறார்.

“வி.ஏ.ஓ. போலீஸ் இல்லையே சார், செல்லுமில்ல?”

செல்லும்தான். ஆனால் முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் ஒருவன் தானாகப் போய் ஏன் சொல்லணும் என்று கோர்ட்டு சந்தேகப்பட்ட வழக்குகள் ஏராளம்.

“சரி, கொலை எங்கே நடந்தது?”

“ஆம்பூர்ல சார்.”

“வி.ஏ.ஓ.?”

“காட்பாடி.”

“ஏம்பா, அது இப்ப வேற மாவட்டம்பா.”

“பஸ்ல வந்தான்னு வச்சுக்கலாம் சார்” என்றார்.