இசை பிஆர் (பாடகரையும் பாட்டையும் ஊடகங்களில் பேசவைக்கும் வேலை): முதல் வேலையை எப்படிப் பிடிப்பது

பெரிய நிறுவனம் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்னும் பெயர் எடுக்காத ஒரு பாடகரின் ஒரே ஒரு சிங்கிளுக்கு (தனியாக வெளியாகும் பாட்டுக்கு) பிஆர் செய்யும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். வெளியீட்டுக்கு 4 முதல் 6 வாரம் முன்பே வேலை தொடங்கணும். பாட்டு வந்தபிறகு இசை பற்றி எழுதுபவர்களுக்கு அனுப்பினால் அது பழைய செய்தி. ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்கான விண்ணப்பத்தைக் குறைந்தது 7 நாள் முன்னதாகப் பாடகரின் 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' கணக்கு வழியாகப் போட வேண்டும்.

அந்த வகை இசையைப் பற்றி ஏற்கெனவே எழுதுகிற 30 பேரைத் தேடி எடுங்கள். ஆளுக்கொரு மெயில், தனித்தனியாக, 150 சொல்லுக்குள். சப்ஜெக்ட் வரியிலேயே பாடகர் பெயர், பாட்டு, தேதி. எம்பி3 கோப்பை இணைக்காதீர்கள், இன்பாக்ஸ் நிரம்பி எரிச்சல்தான் மிஞ்சும், லிங்க் போதும். அனுப்புமுன் அதை வேறு போனில், லாகின் செய்யாமல் திறந்து பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பதில் இல்லையா? ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். வந்த கட்டுரைகளை ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்த்து வையுங்கள், அடுத்த பாடகர் கேட்பது அதைத்தான்.