ரத்தத்தில் எக்சோசோம் பார்த்தால் போதுமா? உணவுக்குழாய்ப் புற்றுநோயில் நாம் செய்யும் தவறுகள்

காரைக்குடியில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் இருந்த ஆச்சி வடையைத் தொடவே இல்லை; பால் பணியாரத்தை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். ஏன் என்றதற்கு, "கெட்டியா எது தின்னாலும் நெஞ்சுல நிக்கிது தம்பி. கேஸ்தான், மாத்திரை போடுறேன்" என்றார். மூன்று மாதமாக இப்படியாம். எதிரே இருந்த பேரன் போனை நீட்டினான்: "எக்சோசோம்னு ரத்தத்துலயே கண்டுபிடிச்சிர்றாங்களாம்ணே. குழாயெல்லாம் எதுக்கு விடணும்?"

ஒரே பந்தியில் இரண்டு தவறுகள்.

உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும். அதனால் உள்ளே கணிசமாகச் சுருங்கிய பிறகுதான் சோறு நிற்பதே தெரியும். முதலில் கெட்டியானது, அப்புறம் குழைந்த சோறு, அப்புறம் கஞ்சி என்று வரிசையாக நின்றால் அதை கேஸ் என்று தள்ளிவிடாதீர்கள். 'புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதானே' என்பதும் ஆறுதல் இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் வகைப்படுத்திவிட்டது.

பேரன் சொன்னதில் பாதி உண்மை. எக்சோசோம் என்பது செல்கள் வெளியே அனுப்பும் நுண்ணிய பை. 30 முதல் 150 நானோமீட்டர்தான் இருக்கும். 1980களில் முதிராத சிவப்பணுக்களில் இதைக் கண்டபோது, செல் கொட்டும் குப்பை என்றே நினைத்தார்கள். பிறகுதான் அதற்குள் புரதமும் ஆர்என்ஏவும் இருப்பதும், இன்னொரு செல்லுக்குப் போய்ச் சேருவதும் தெரிந்தது. புற்றுச் செல்லும் இப்படிக் கடிதம் போடுகிறது. உணவுக்குழாய்ப் புற்றுநோய் உள்ளவர்களின் ரத்தத்தில் எக்சோசோமுக்குள் மைஆர்-21 என்ற குட்டி ஆர்என்ஏ கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கடிதத்தில் ஊர்பேர் இல்லை. மைஆர்-21 வேறு பல புற்றுநோய்களிலும், வெறும் அழற்சியிலும்கூடக் கூடும். இன்னொன்று, எடுத்த ரத்தம் உறையும்போது தட்டணுக்களும் தங்கள் பைகளை விடும். சிவப்பணு உடைந்தாலும் கணக்கு மாறும். ரத்தம் எடுக்கும் விதத்திலேயே முடிவு மாறும் சோதனையை நம்பி, குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடுவது என்ன நியாயம்? இன்றைக்கும் நோயை உறுதி செய்வது எண்டோஸ்கோபியும், அப்போது எடுக்கும் சதைத் துணுக்கைச் சோதிக்கும் பயாப்ஸியும்தான்.

சிகிச்சை விஷயத்தில் இன்னும் உஷார் வேண்டும். எக்சோசோமுக்குள் மருந்தை அடைத்துக் கட்டிக்கு அனுப்பும் முயற்சி ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. முகப்பொலிவுக்கு விற்கும் எக்சோசோமை எதிர்ப்புசக்தி டிரிப் என்று சொல்லி ஏற்ற வந்தால் கையை நீட்டாதீர்கள். அனுமதி பெறாத எக்சோசோம் பொருட்களைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019இலேயே எச்சரித்தது. புற்றுச் செல்லின் எக்சோசோம், கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளர உதவுவதும் உண்டு. எல்லா எக்சோசோமும் நல்லது என்று விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பந்தி முடிவதற்குள் பேரன் எண்டோஸ்கோபிக்கு நேரம் வாங்கிவிட்டான். வெறும் வயிறாக வரச் சொன்னார்களாம். ஆச்சிக்கு ஒரே கவலைதான்: "அன்னைக்குக் காலைல காப்பியும் கெடையாதா?"