அரசு விமான நிலையத்தின் உண்மை நிலையை அறிவது எப்படி?

அரசுக்குச் சொந்தமான ஒரு மண்டல விமான நிலையம் வளர்கிறதா தேய்கிறதா என்று அறிய, மொத்தப் பயணிகள் எண்ணிக்கையிலிருந்து தொடங்காதீர்கள்; அவர்களை எத்தனை விமான நிறுவனங்கள் ஏற்றிச் சென்றன என்பதை முதலில் பாருங்கள். வேல்ஸ் அரசு 2013-இல் 5.2 கோடி பவுண்டுக்கு வாங்கிய கார்டிஃப் விமான நிலையம் இதற்குத் தெளிவான சான்று: அங்கிருந்து பறந்துகொண்டிருந்த ஃப்ளைபி நிறுவனம் 2020 மார்ச்சில் முடங்கியதும், அதன் வழித்தடங்கள் ஒரே நாளில் அற்றுப்போயின.

அடுத்து, கோடைக்கால அட்டவணையையும் குளிர்கால அட்டவணையையும் அருகருகே வைத்து, இரண்டிலும் நீடிக்கும் வழித்தடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் இருமுறை பறக்கும் சுற்றுலாச் சேவையைவிட, காலையில் சென்று மாலையில் திரும்ப உதவும் தினசரிச் சேவையே அந்தப் பகுதி மக்களுக்கு உண்மையில் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

பிறகு ஆண்டுக் கணக்கைத் திறந்து, தரையிறங்கு கட்டணம், வாகன நிறுத்த வருவாய், கடை வாடகை ஆகியவற்றைத் தனித்தனியே பாருங்கள். ஓடுபாதைப் பராமரிப்பு, தீயணைப்பு, பாதுகாப்பு ஆகியவற்றின் செலவு விமானங்கள் குறைந்தாலும் பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே பயணிகள் சற்றுக் குறைந்தாலே நட்டம் பெருகிவிடும். அரசு தந்த தொகை கடனா, மானியமா, பங்கு முதலீடா என்பதையும் கணக்குக் குறிப்புகளில் தேடிப் படியுங்கள். கார்டிஃப் நிலையத்துக்கு 2021-இல் 4.26 கோடி பவுண்டு கடன் தள்ளுபடி செய்யப்பட்டது.