மலிவு விலை வைட், மேக்ரோ இணைப்பு லென்ஸ்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரா லென்ஸின் முன்னால் திருகி மாட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் "வைட் ஆங்கிள் வித் மேக்ரோ" இணைப்பு லென்ஸ் பார்வைக்கு ஒரே பொருளாகத் தோன்றினாலும், அது ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி வைக்கப்பட்ட இரண்டு துண்டுகளால் ஆனது. முன்னால் புடைத்துக்கொண்டிருக்கும் பெரிய துண்டு காட்சியை விரிக்கும் குழிவில்லை. கேமராவை ஒட்டி அமரும் மெல்லிய வளையத்துக்குள் இருப்பது குவிவில்லை. இரண்டும் சேர்ந்திருந்தால் வைட், முன்துண்டைக் கழற்றிவிட்டுப் பின்துண்டை மட்டும் மாட்டினால் மேக்ரோ, அதாவது சிறு பொருளை மிக அருகிலிருந்து பெரிதாக எடுப்பது. நான் வாங்கிய பெட்டியில் இருந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழு லென்ஸையும் மாட்டிக்கொண்டு செம்பருத்திச் செடியின் முன் குனிந்து குனிந்து, "மேக்ரோ என்று போட்டு ஏமாற்றிவிட்டார்கள்" என்று சில வாரங்கள் சலித்துக்கொண்ட பிறகு, துடைப்பதற்காகக் கையில் எடுத்தபோது அது தற்செயலாகச் சுழன்று இரண்டாகப் பிரிந்தது. இந்த வகை லென்ஸில் காசுக்கு மதிப்புள்ள பகுதி அந்த மெல்லிய பின்துண்டுதான் என்பது என் கணிப்பு. வாங்குபவர்களில் பலர் அதைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

வாங்கும்போதே நேரும் தவறு அளவைப் பற்றியது. லென்ஸின் மேல் "18-55" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு 55 மி.மீ. இணைப்பை வாங்குபவர்கள் உண்டு. அந்த எண் குவியத்தூரம், திருகுமரையின் விட்டம் அன்று. விட்டத்தை லென்ஸின் முன்விளிம்பில், குறுக்குக்கோடு போட்ட வட்டக்குறியை அடுத்து அச்சிட்டிருப்பார்கள். பல மூடிகளின் உட்புறத்திலும் அது இருக்கும். நிக்கானின் பழைய 18-55 விஆர் கிட் லென்ஸுக்கு (கேமராவோடு சேர்த்து விற்கப்படுவது) 52, கேனானின் 18-55 கிட் லென்ஸுக்கு 58, சோனியின் 16-50 பவர் ஜூமுக்கு 40.5 என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அளவு. அளவு பொருந்தாதபோது இடையில் மாற்று வளையம் போடலாம். ஆனால், லென்ஸைவிடச் சிறிய இணைப்பை வளையத்தின் உதவியால் மாட்டினால், வைட் பயன்பாட்டில் மூலைகள் இன்னும் மோசமாக இருளும். ஏற்கெனவே மாட்டியிருக்கும் யூவி ஃபில்டரைக் கழற்றாமல் அதன்மேல் இணைப்பைத் திருகுவதும் இதே விளைவைத் தரும். கூடுதலாக ஒரு கண்ணாடிப் பரப்பு ஒளியைச் சிதறடிப்பதும் சேர்ந்துகொள்ளும்.

வைட் துண்டைப் பற்றிய பெரிய தவறு, பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை நம்புவது. 0.45 எக்ஸ் என்றால் 18 மி.மீ. லென்ஸ் 8 மி.மீ. லென்ஸாகிவிடும் என்று பெருக்கிப் பார்த்து மகிழ்வது எளிது. மாட்டிப் பார்த்தால் நான்கு மூலைகளிலும் கரிய பிறை தெரியும். அது மறையும் வரை ஜூமைத் திருகினால் 24 மி.மீ. அளவுக்கு வந்துவிடுவோம், பெருக்கலில் கிடைத்த ஆதாயத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துபோகும். எண் உண்மைதானா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். சுவரில் ஓர் அளவு நாடாவைக் கிடையாக ஒட்டி, கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, இணைப்பு இல்லாமல் ஒரு படமும் மாட்டிய பின் ஒரு படமும் எடுக்க வேண்டும். முதல் படத்தில் ஒரு மீட்டர் அகலம் தெரிந்து, இரண்டாவதில் 2.2 மீட்டர் தெரிந்தால் 0.45 சரி, ஒன்றரை மீட்டர்தான் தெரிகிறது என்றால் உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய 0.67 எக்ஸ்.

அகலத்தைவிடப் பெரிய சிக்கல் ஓரங்களின் தெளிவு. இத்தகைய இணைப்பில் நடுப்பகுதி ஓரளவு கூர்மையாக இருக்கும், விளிம்பை நோக்கிப் போகப்போகக் காட்சி எண்ணெய் தடவியதுபோல் இழுபடும், நேர்க்கோடுகள் பீப்பாய்போல் வளையும். அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி புகும் துளையை) எஃப்/8 அல்லது எஃப்/11 வரை சுருக்கினால் சற்றுத் தேறுமே தவிர முழுமையாகச் சரியாகாது. ஆனால், அகலக் கோணப் படத்தின் பயனே விளிம்பு வரை விரியும் காட்சியில்தான் இருக்கிறது. மேக்ரோவில் நிலைமை நேர் எதிரானது: பூச்சியின் கண்ணோ பூவின் சூலகமோ நடுவில் கூர்மையாக இருந்தால் போதும், ஓரங்கள் எப்படியும் மங்கிய பின்னணிதான். அதே தரக் கண்ணாடி ஓரிடத்தில் படத்தைக் கெடுப்பதும் இன்னோரிடத்தில் உதவுவதும் இதனால்தான்.

ஆகவே, நிலக்காட்சிக்கும் கட்டடத்துக்கும் வைட் துண்டை நம்புவதைவிட, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் மேனுவலில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கை உள்ளடக்குமாறு வரிசையாக எடுத்து, ஹகின் போன்ற இலவச மென்பொருளில் ஒட்டிக்கொள்வது மேல். தஞ்சைப் பெரிய கோயில் முற்றத்தில் விமானத்தையும் திருச்சுற்று மாளிகையையும் ஒன்றாகக் காட்ட விரும்புபவருக்கு இந்த வழியில் ஓரத்தூண்கள் கூர்மையாகக் கிடைக்கும். ஓடும் குழந்தைகளுக்கும் ஊர்வலத்துக்கும் இந்த உத்தி உதவாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே வைட் துண்டைப் பயன்படுத்தினாலும், மனிதர்களை மூலையில் நிறுத்தாதீர்கள். ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும்.

இணைப்பின் எடையையும் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பழைய கிட் லென்ஸ்கள் சிலவற்றில் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதியே சுழலும். கேனானின் 18-55 ஐஎஸ் 2 அப்படிப்பட்டது, அதன் பின் வந்த எஸ்டிஎம் வகை சுழலாது. சுழலும் முன்பகுதியில் கனமான கண்ணாடியைத் தொங்கவிட்டு ஆட்டோஃபோகஸை ஓடவிட்டால், அந்தச் சிறிய மோட்டார் திணறும் சத்தம் காதிலேயே கேட்கும். மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. மாட்டும்போது விரல்நுனியின் பலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை இறுக்கித் திருகிவிட்டு, மரை கடித்துக்கொண்டு கழற்ற முடியாமல் அரை மணி நேரம் போராடியிருக்கிறேன். வலுவாகப் பிடித்து அழுத்த அழுத்த வளையம் நீள்வட்டமாக நசுங்கி இன்னும் இறுகுகிறது. வளையத்தைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்டைப் போட்டு, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து மெதுவாகத் திருப்பியபோது சட்டென்று கழன்றது.

இனி மேக்ரோ. பின்துண்டும், +1, +2, +4, +10 என்று நான்காகச் சேர்த்து விற்கப்படும் குளோஸ்-அப் ஃபில்டர்களும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: வயதானவர்களின் வாசிப்புக் கண்ணாடியைப் போல, கேமராவை அருகில் பார்க்கப் பழக்குகின்றன. எண் டயாப்டரைக் குறிக்கிறது. ஆயிரத்தை அந்த எண்ணால் வகுத்தால், லென்ஸை முடிவிலியில் (மிகத் தொலைவில்) ஃபோகஸ் செய்திருக்கும்போது பொருள் எத்தனை மில்லிமீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்பது கிடைத்துவிடும். +4க்கு 25 செ.மீ., +10க்கு 10 செ.மீ. லென்ஸில் இருக்கும் ஃபோகஸ் வளையத்தால் இந்தத் தொலைவைக் கொஞ்சம் குறைக்கலாம், கூட்ட முடியாது. இது தெரியாமல் அரை மீட்டர் தள்ளி நின்றுகொண்டு ஃபோகஸ் வளையத்தை இரு பக்கமும் திருகித் திருகி, லென்ஸ் பழுது என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம்.

அடுத்த தவறு, எந்தக் குவியத்தூரத்தில் மாட்டுவது என்பதில் நேர்கிறது. பொருள் சென்சாரில் எத்தனை பெரிதாக விழும் என்பது, முடிவிலி ஃபோகஸில், குவியத்தூரத்தை டயாப்டரால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த எண். 18 மி.மீ.யில் +4 மாட்டினால் 0.07 மடங்குதான், அதே கண்ணாடியை 55 மி.மீ.யில் மாட்டினால் 0.22 மடங்கு, 250 மி.மீ. வரை போகும் டெலி ஜூமின் முனையில் மாட்டினால் பொருள் தன் உண்மை அளவிலேயே, அதாவது 1 மடங்காக விழும். அங்கும் பொருளுக்கும் கண்ணாடிக்கும் இடையே 25 செ.மீ. இருப்பதால் தட்டான் பறந்துவிடாது, நம் நிழலும் அதன்மேல் விழாது. ஆகவே வலுவான கண்ணாடியைத் தேடுவதற்கு முன், நீளமான லென்ஸ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர்களை அடுக்கினால் டயாப்டர்கள் கூடும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டுக்கு மேல் அடுக்கினால் படம் பால்போல் வெளிறிவிடும், அடுக்கும்போது வலுவானது கேமராவை ஒட்டி இருக்க வேண்டும். கிட் லென்ஸோ டெலி ஜூமோ வைத்திருப்பவருக்கு +10ஐத் தனியாகப் பயன்படுத்தும் தேவை அரிதாகவே வரும்.

ஒற்றைக் கண்ணாடியால் ஆன மலிவு ஃபில்டரில் வெள்ளைப் பூவை எடுத்தால், இதழ் விளிம்பில் ஒரு பக்கம் ஊதாவும் மறுபக்கம் பச்சையும் கசியும். தும்பைப் பூவில் இது நன்றாகவே தெரியும். கசிவு அதிகமாக இருப்பது ஓரங்களில்தான் என்பதால், பூவை நடுவில் வைத்துச் சற்றுத் தள்ளி எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம். இந்தக் கசிவைத் திருத்த ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்தவையும் உண்டு. ரேனாக்ஸ் டிசிஆர்-250 மூன்று கண்ணாடிகள் கொண்ட +8 டயாப்டர் இணைப்பு. திருகாமல், 52 முதல் 67 மி.மீ. வரையிலான மரைகளில் ஸ்பிரிங் கவ்வியால் அமரும். விலை பல மடங்கு கூடுதல். மலிவானதில் ஆறு மாதம் பழகிய பின்னும் ஆர்வம் குறையாதவர் இதை வாங்குவது தகும், முதல் நாளே வாங்குவது தேவையற்றது.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் மாட்டும், கண்ணாடியே இல்லாத எக்ஸ்டென்ஷன் டியூப் என்னும் வெற்றுக் குழாய் தரத்தைக் கெடுக்காது என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் மின்தொடர்பு இல்லாத மலிவு டியூபில் அப்பர்ச்சரைக் கேமராவால் கட்டுப்படுத்த முடியாது. கேனான் இஎஃப் லென்ஸ் முழுதாகத் திறந்தே நிற்கும். அப்பர்ச்சர் வளையம் இல்லாத நிக்கான் ஜி வகை லென்ஸ் முழுதாகச் சுருங்கி வ்யூஃபைண்டரையே இருட்டாக்கிவிடும். தவிர, 18 மி.மீ. லென்ஸில் 30 மி.மீ. டியூபை மாட்டினால் ஃபோகஸாகும் இடம் லென்ஸுக்குள்ளேயே போய்விடும்.

படம் எடுக்கும்போது நேரும் தவறுகளில் முதன்மையானது, கூர்மையாக இருக்கும் ஆழம் எவ்வளவு குறைவு என்பதை மறப்பது. ஏபிஎஸ்-சி சென்சாரில் (கிட் லென்ஸோடு வரும் பல கேமராக்களில் இருக்கும் அளவு) 1 மடங்கு உருப்பெருக்கத்தில், எஃப்/8 வைத்தாலும் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தும்பைச் செடியின் காம்பில் ஏறும் கட்டெறும்பின் கண்ணில் ஃபோகஸ் விழுந்தால், அதன் உணர்கொம்பின் நுனி அப்போதே மங்கியிருக்கும். ஆழம் வேண்டும் என்று எஃப்/22க்குப் போனால் ஒளி விளிம்புவிளைவால், அதாவது சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், படம் முழுவதுமே மென்மையாகிவிடும். எறும்பின் உடல் முழுவதும் தெரிய வேண்டுமானால், அதன் பக்கவாட்டுக்கு இணையாகச் சென்சார் இருக்குமாறு கேமராவைத் திருப்புவதே வழி. ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், முழங்கையை முட்டியில் ஊன்றி, உடம்பை மட்டும் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, கண் கூர்மையாகும் கணத்தில் தொடர்ச்சியாக ஐந்தாறு படங்கள் எடுத்தால் ஒன்றாவது தேறும். காற்று எழும்பாத காலை நேரமே ஏற்றது; வெயில் ஏறாததால் பூச்சிகளும் மந்தமாக இருக்கும். கேமராவின் மேல் எழும்பும் ஃபிளாஷை இயக்கினால், இணைப்பின் நிழலே பூச்சியின் மேல் பிறையாக விழும். வெள்ளைத் தாளை வளைத்து ஒளியைத் திருப்பிவிடுவது அதைவிட நல்ல பலன் தரும்.

கைப்பேசிக்கான கிளிப் லென்ஸ்களுக்கும் இவையெல்லாம் பொருந்தும், சில புதிய தவறுகளும் சேரும். "10 எக்ஸ்" என்றால் படம் பத்து மடங்கு பெரிதாகும் என்று பொருளில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடிக்கான கணக்குப்படி 250ஐப் பத்தால் வகுத்தால் வரும் 25 மி.மீ.தான் அதன் குவியத்தூரம், பொருளும் ஏறக்குறைய அந்தத் தொலைவிலேயே இருக்க வேண்டும். அல்ட்ராவைட் கேமரா உள்ள கைப்பேசிக்கு வைட் கிளிப் வாங்குவது வீண்செலவு. மாறாக, பட்ஜெட் கைப்பேசிகளில் பெயருக்கு வைத்திருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவைவிட, முதன்மைக் கேமராவின் மேல் நல்ல மேக்ரோ கிளிப்பை மாட்டுவது பலமடங்கு தெளிவான படம் தரும். தடித்த உறையின் மேல் கிளிப்பைப் போட்டால் லென்ஸ் சாய்ந்து ஒரு பக்கம் மட்டும் மங்கும். உறையைக் கழற்றிவிட்டு, திரையில் வெளிச்ச வட்டம் நடுவில் வரும் வரை நகர்த்துங்கள்.

மிகவும் குழப்புவது, பல கேமராக்கள் உள்ள கைப்பேசி தானாகவே கேமராவை மாற்றிக்கொள்வது. 2021இல் வந்த ஐஃபோன் 13 ப்ரோவில் தொடங்கி, பொருள் மிக அருகில் வந்தால் சில கைப்பேசிகள் முதன்மைக் கேமராவை விட்டு அல்ட்ராவைடுக்குத் தாவிவிடுகின்றன. கிளிப் ஒரு கேமராவின் மேல் இருக்க, படம் வேறொன்றிலிருந்து வரும். அமைப்புகளில் இந்தத் தாவலை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் புரோ முறையில் முதன்மைக் கேமராவைத் தேர்ந்துகொள்ளலாம். எந்தக் கேமரா இயங்குகிறது என்ற ஐயம் வந்தால், கிளிப்பை மாட்டும் முன் பொருளுக்கு அருகில் கைப்பேசியைப் பிடித்தபடி ஒவ்வொரு கண்ணாடியாக விரல்நுனியால் மூடிப் பாருங்கள். எதை மூடினால் திரை இருள்கிறதோ, அதில் தொடுவதால் படிந்த ரேகையை மென்துணியால் துடைத்துவிட்டு, அதன்மேல் கிளிப்பைப் போடுங்கள்.