சைடுவாலில் பசை பூசும்போது நடக்கும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் கார்பெட் விரித்து ஆர்சி கார், அதாவது ரிமோட்டில் ஓடும் சின்னக் கார், ஓட்டுகிறோம். காலையில் கார்பெட் வழுக்கும், எல்லோரும் பொறுமையாக ஓட்டுவார்கள். மதியத்துக்குள் ரப்பர் படிந்து, பிடிப்புக்காக டயருக்குத் தடவும் மருந்தும் தரையில் ஏறி, பிடிப்பு கூடிவிடும். அப்புறம்தான் கார்கள் வளைவில் கவிழ ஆரம்பிக்கும். முதல் தடவை பார்க்க வந்த என் அக்கா மகன், "மாமா, யாருமே இடிக்கலையே, எப்படிக் கவிழ்ந்தது?" என்று கேட்டான்.

இடிக்கவே தேவையில்லை. வளைவில் காரின் எடை வெளிப்பக்க முன் டயரின்மேல் சாய்கிறது. டயர் மடங்கி, அதன் பக்கச்சுவர், அதாவது சைடுவால், தரையைத் தொடுகிறது. அதுவும் மென்மையான ரப்பர்தான். அது கார்பெட்டைக் கவ்விவிட்டால் கார் வழுக்க வழியில்லாமல் புரண்டுவிடும். அந்த இடத்தில் சூப்பர் குளூ பூசினால் ரப்பர் விறைத்து, மடங்குவது குறைகிறது. தரையில் பட்டாலும் கவ்வாமல் வழுக்குகிறது. கூடவே ஸ்டியரிங்கின் வேகமும் கொஞ்சம் அடங்கும். தமிழ்நாட்டில் பெவிக்விக் என்று வாங்குவதும் இதே குடும்பத்துப் பசைதான்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, கவிழ்ந்தவுடன் நான்கு டயருக்கும் பூசிவிடுவது. பின் டயரில் பூசினால் பின்பக்கப் பிடிப்பு போய், கார் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்ய வேறு எதையோ மாற்றி, நாள் முழுவதும் தடுமாறுவார்கள். முதலில் முன் டயர்களின் வெளிப்பக்கம் மட்டும் போதும். பின் டயரில் பூச வேண்டிய அளவுக்குப் பிடிப்பு ஏறும் தளங்களும் உண்டு, ஆனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பூசுவதற்கு முன் சேசிஸின், அதாவது காரின் அடித்தட்டின், உயரத்தை அரை மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள். சில நேரம் கவிழ்வது அதிலேயே நின்றுவிடும்.

எதுவரை பூசுவது? இதை டயரே சொல்லும். ஒரு ஓட்டம் முடிந்ததும் முன் டயரின் வெளி ஓரத்தைப் பாருங்கள். தரையில் உரசிய இடம் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். அந்தத் தடம் எதுவரை இறங்கியிருக்கிறதோ, டயர் அதுவரை மடங்கியிருக்கிறது. பசை அந்த இடத்தை மூட வேண்டும், ஆனால் நேராக ஓடும்போது தரையைத் தொடும் பரப்புக்கு ஏறக் கூடாது. ஓரம் வளையும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, அதாவது சக்கர மையத்தின் பக்கமாக, நிறுத்தி, ஓட்டிப் பார்த்து, தேவையானால் ஒரு மில்லிமீட்டர் ஏற்றுங்கள். பசை மேலே ஏற ஏற ஸ்டியரிங் குறையும். இதைத் தெரிந்துகொண்டால் பசையையும் ஒரு செட்டிங் போலப் பயன்படுத்தலாம். இடது, வலது இரண்டிலும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒன்றில் ஏறி ஒன்றில் இறங்கியிருந்தால் கார் ஒரு பக்க வளைவில் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். காரணம் தெரியாமல் ஸ்டியரிங்கைத் திருப்பும் மோட்டாரான சர்வோவைக் கழற்றிப் பார்த்தவர்களும் உண்டு.

புது டயரின் பளபளப்பின்மேல் அப்படியே பூசுவது அடுத்த தவறு. அச்சிலிருந்து வந்த மெழுகுப் பசபசப்பு போகாவிட்டால் பசை தோலாக உரிந்துவிடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபடி துடையுங்கள். டயர் மருந்து தடவிய பிறகு பசை பூசுவதும் இதே கதைதான். முதலில் பசை, அது நன்றாகக் காய்ந்த பிறகு மருந்து. ஏற்கெனவே மருந்து ஏறிய டயர் என்றால் துடைத்து ஒரு இரவு ஆற விடுங்கள்.

ஒரே பூச்சில் கனமாக முடித்துவிட நினைக்காதீர்கள். கனமான பசை, டயர் நெளியும்போது வெடிக்கும். அந்த வெடிப்பு ரப்பரையும் சேர்த்துக் கிழிக்கும். மெல்லிய பூச்சாக இரண்டு அல்லது மூன்று தடவை பூசுவது நல்லது. தண்ணீர் மாதிரி ஓடும் பசை சட்டென்று ட்ரெட் பக்கம், அதாவது தரையைத் தொடும் பரப்புக்கு, ஓடிவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நடுத்தரப் பதம் எளிது. விரலில் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு, ஒரு சொட்டு வைத்து, சக்கரத்தைச் சுழற்றியபடி இழுத்து விடுங்கள்.

இங்கே பஞ்சைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பருத்தித் துணி, பஞ்சுக் குச்சி, பருத்திக் கையுறை எதையும் இந்தப் பசையின் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் பசை மிக வேகமாக இறுகி, கடுமையாகச் சூடேறும். சிந்திய பசையை ஒருமுறை பழைய பருத்தித் துணியால் துடைத்தேன். கையிலேயே புகைந்தது, விரலில் கொப்புளம் வந்தது. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இதை முதலிலேயே சொல்லிக் கொடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆவி கண்ணை எரிக்கும்.

அடுத்து, நம் ஊர்க் காற்று. சூப்பர் குளூ தானாகக் காய்வதில்லை, ஈரப்பதம் பட்டுத்தான் இறுகுகிறது. பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் அது விரைவாக இறுகும். கூடவே பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாக டயர்மேல் படியும். சின்ன மின்விசிறி ஒன்று காற்றைத் தள்ளிவிட்டால் அது குறையும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஜூலையில் போனால் நிலைமை நேரெதிர். சுமார் 1,750 மீட்டர் உயரம், வறண்ட குளிர்காலக் காற்று. பசை இறுக நேரம் எடுக்கும். பொறுமை இழந்து இறுக்கும் ஸ்ப்ரேயை அடிப்பார்கள். அது பசையைக் குப்பென்று நுரைக்க வைத்து, வெள்ளையாக்கி, மொறுமொறுப்பாக்கிவிடும். முதல் வளைவிலேயே விரிசல் விழும். அங்கே போனால் முந்தின இரவே பூசி வைத்துவிடுவதுதான் நாங்கள் கற்றுக்கொண்ட வழி.

பசையை ஃபிரிட்ஜில் வைப்பவர்கள், எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த பாட்டிலுக்குள் ஈரம் வியர்த்து, மீதிப் பசையும் கெட்டியாகிவிடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

கடைசியாக, பூசிய டயரை மறந்துவிடுவது. சில பந்தயங்கள் ஓடியதும் ட்ரெட் தேய்ந்து, பசையின் விளிம்பு தரைக்கு வந்துவிடும். போன வாரம் வரை நன்றாகத் திரும்பிய கார், வளைவில் நுழையும்போதே நேராகப் போகப் பார்க்கும். அந்த விளிம்பை உப்புத்தாளால் இரண்டு மில்லிமீட்டர் இறக்கித் தேய்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். என் அக்கா மகன் இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் முன் டயர் இரண்டையும் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுகிறான்.